கழிவறைக் கதவில் ஒட்டியிருக்கும் அந்த எண்ணுக்கு யாராவது கூப்பிட்டிருக்கிறீர்களா?

ஒன்பதாம்மாடி

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு கழிவறைக் கதவின் உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. "பணியாளர் உதவித் திட்டம். 24 மணி நேரமும். முழு ரகசியம். இலவசம்." கீழே ஒரு போன் எண், பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். நான்கு வருடமாக அந்தப் பெண்ணைத் தினமும் பார்க்கிறேன். போன மாதம்தான் எண்ணை மொபைலில் ஏற்றினேன். அதுவும் என்ன பெயரில் தெரியுமா? "ஏசி ரிப்பேர்".

என் நிலைமை இதுதான். பதினொரு பேர் பார்த்த வேலையை இப்போது ஏழு பேர் பார்க்கிறோம். வீட்டில் அம்மாவுக்கு மறதி நோய். ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வாசல் கதவைத் திறக்கப் போவார். அவர் ஓய்வு பெற்றே பல வருடம் ஆகிறது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. போன வாரம் ஒரு வாடிக்கையாளரிடம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டது என்ன என்பது சுத்தமாக மறந்துபோனது. "லைன் சரியில்லை" என்று பொய் சொல்லி வைத்துவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. லைட் தானாக அணைந்துவிட்டது, கையை ஆட்டித்தான் மறுபடி எரியவைத்தேன்.

கூப்பிட்டால் எச்.ஆருக்குத் தெரிந்துவிடுமா? தெரியாது என்றே வைத்துக்கொண்டாலும், கூப்பிட்டு ஆகப்போவது என்ன?

குட்டிப்புயல்

ஏசி ரிப்பேர்! எங்கள் கதவில் அதே தாள்தான், சிரிப்பது மட்டும் ஆண். நான் எண்ணை ஏற்றக்கூட இல்லை. கம்பெனி காசு கொடுத்து உட்காரவைத்த ஆள், என் கதையைக் கம்பெனியிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வார்?

கணக்குப்பிள்ளை

பில் பாஸ் பண்ணுகிற இடத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். காசு எப்படிப் போகிறது என்று தெரிந்தால் உங்கள் பயத்தில் பாதி போகும். மீதிப் பாதி கூடும்.

ஹெல்ப்லைன் நடத்தும் வெளி நிறுவனத்தோடு நம் கம்பெனி போடும் ஒப்பந்தம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வருடக் கணக்கில்தான். ஆயிரம் பேர் என்றால் ஆயிரம் தலைக்குப் பணம். ஒருவர் கூப்பிட்டாலும் நூறு பேர் கூப்பிட்டாலும் அதே தொகை. அதாவது, யாருமே கூப்பிடாத வருடம் அந்த நிறுவனத்துக்கு நல்ல வருடம். கூப்பிட்டவர் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி பணம் கொடுக்கும் ஒப்பந்தமும் உண்டு. அதில் நம் மேலிடத்துக்கு வயிறு எரியும், விளம்பரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். இரண்டிலும் ஒரு கோணல் இருக்கிறது.

எனக்கு வந்த பில்லில் ஒரு தடவைகூடப் பெயர் இருந்ததில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை வரும். இத்தனை அழைப்பு, அதில் குடும்பம் இத்தனை, கடன் இத்தனை, வேலைப்பளு இத்தனை. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு தடவை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். நான் முன்பு இருந்த இடத்தில் 14 பேர் கொண்ட ஒரு சின்னக் கிளை. அறிக்கையைக் கிளைவாரியாகப் பிரித்துக் கொடுங்கள் என்று மேலிடம் கேட்க, அவர்களும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கிளைக்கு நேரே: "மதுப் பழக்கம் – 1, ஆண், இரவு ஷிப்ட்". இரவு ஷிப்டில் ஆண்கள் இரண்டே பேர். ஒருவர் பக்திமான், வாசனைகூடப் பிடிக்காது. பெயரை எழுதித்தான் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றில்லை.

கேட்கும்காது

கணக்குப்பிள்ளை சொன்னதைப் படித்து வயிற்றைப் பிசைந்தது. அந்த அறிக்கையைத் தயாரித்தவர் செய்தது தொழில் தர்மமே இல்லை.

ஆறு வருடம் போனின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவள் நான். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் மனம் விட்டுச் சொல்லலாம்.

முதல் அழைப்பில் எந்த நிறுவனம் என்று கேட்பார்கள். ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்க்க அது வேண்டும். பெயர் சொல்லாமலும் முதல் பேச்சு பேசலாம் என்பது நான் இருந்த இடத்தின் வழக்கம். அப்புறம் என்ன விஷயம், எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று போகும். நடுவில் ஒரு கேள்வி வரும்: "உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா?" இது எல்லோரிடமும் கேட்பது. இதைக் கேட்டதும் பலர் "ஐயோ, என்னை அப்படி நினைத்துவிட்டார்களா" என்று போனை வைத்துவிடுவார்கள். வைக்காதீர்கள். தோன்றியிருந்தால் மறைக்கவும் வேண்டாம்.

அதன் பிறகு கவுன்சலர் ஒருவரைக் கொடுப்பார்கள். பொதுவாக ஒரு பிரச்சினைக்கு மூன்று முதல் எட்டு அமர்வு வரை. மூன்று என்றால் மூன்றுதான். பல வருடத்துத் துயரத்தை மூன்று மணி நேரத்தில் அவிழ்க்க முடியாது, அதற்கு இந்தத் திட்டம் உருவாக்கப்படவும் இல்லை. எது உடனே கழுத்தைப் பிடிக்கிறதோ அதை விடுவிப்பது, நீண்ட நாள் சிகிச்சை தேவைப்பட்டால் சரியான மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ கொண்டுபோய்ச் சேர்ப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. நல்ல இடம் என்றால் எண்ணைக் கொடுத்துத் துரத்தாது. அவர்களே அந்த மருத்துவமனையைக் கூப்பிட்டு, நேரம் வாங்கி, உங்களை லைனில் சேர்த்துவிட்டு விலகுவார்கள்.

"முழு ரகசியம்" என்பதில் "முழு" கொஞ்சம் மிகை. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு, இப்படிச் சில இடங்களில் கவுன்சலர் வாயைத் திறந்தே ஆக வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எந்தெந்த நேரத்தில் நான் சொல்வது வெளியே போகும் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே கேளுங்கள். அறிக்கை எத்தனை பேருக்குக் கீழே பிரிக்கப்படாது என்றும் கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் ஈமெயில், ஆபீஸ் வைஃபை எதுவும் வேண்டாம். கவுன்சலர் வாயைக் கட்டிக்கொண்டிருப்பார், உங்கள் காலண்டரில் "கவுன்சலிங் 3 மணி" என்று பளிச்சென்று இருக்கும். பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாம்மாடி, உங்கள் அம்மா விஷயத்துக்குத்தான் முதலில் கூப்பிடுங்கள். பல திட்டங்களில் கடன், வழக்கு, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றுக்குத் தனி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மனசு சரியில்லை என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது நல்ல வாசல்.

பழையவண்டி

தொழிற்சங்கத்தில் முடி நரைத்தவன், அதனால் என் கேள்வி வேறு. ரகசியம் காக்கப்படுகிறது என்றே வைத்துக்கொள்வோம். பதினொரு பேர் வேலையை ஏழு பேர் தலையில் கட்டியது யார்? அதற்குக் கவுன்சலர் என்ன செய்வார்? மூச்சை இழுத்து விடச் சொல்வார்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் ஆள் முழுசாகச் சோர்ந்துபோவதை, நோய் வகைப்பாட்டுப் புத்தகத்தில் எப்படி எழுதியது என்று பாருங்கள். நோய் என்று எழுதவில்லை. வேலையிடத்தில் தொடர்ந்து இருக்கும் அழுத்தத்தைச் சரியாகக் கையாளாமல் விட்டதால் வருகிற, வேலை சார்ந்த ஒரு நிலை என்று எழுதியது. வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979லேயே சொல்லிவிட்டார்: வேலை மலையளவு, ஆனால் எதை எப்போது எப்படிச் செய்வது என்று முடிவு செய்ய உனக்கு அதிகாரம் துளியும் கிடையாது, இந்தச் சேர்க்கைதான் ஆளைத் தின்னும்.

2024இல் வில்லியம் ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் பதில்களை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார். மன உறுதிப் பயிற்சி, தியானச் செயலி, தூக்கச் செயலி, அழுத்தம் குறைக்கும் வகுப்பு என்று கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருக்கிறார்களா என்று பார்த்தார். இல்லை. தன்னார்வத் தொண்டு வாய்ப்பு ஒன்றில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது.

படிக்கட்டில் நாலு படி உடைந்திருக்கிறது. சரி செய்யாமல், கீழே முதலுதவிப் பெட்டி மாட்டிவிட்டு "உங்கள் நலனில் எங்களுக்கு அக்கறை" என்று போர்டு வைக்கிறார்கள். விழுந்தவன் பெட்டியைத் திறக்கவில்லை என்றால் அது அவன் தப்பு.

கேட்கும்காது

ஐயா, ஃபிளெமிங் ஆய்வு ஒரே சமயத்தில் எடுத்த படம், முன்னும் பின்னும் தொடர்ந்து பார்த்தது அல்ல. ஏற்கெனவே நொந்துபோனவர்கள்தான் அதிகம் போவார்கள் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். நீங்கள் அடுக்கியதில் பெரும்பாதி வகுப்பும் செயலியும். ராத்திரி ஒரு மணிக்கு ஒருவர் அழுதுகொண்டு கூப்பிட, மறுமுனையில் ஒரு ஆள் எடுப்பதை அந்தத் தராசில் வைக்க முடியாது.

படிக்கட்டு விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. வேலைப்பளு என்று வந்தவரிடம் "எல்லை போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் எல்லை போட்டால் அப்ரைசலில் என்ன ஆகும் என்று எனக்கே தெரிந்திருந்த நாட்கள் உண்டு. அந்த வேலையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

விடியற்காலை

படித்துக்கொண்டே இருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று. கணக்குப்பிள்ளை சொன்ன அந்த இரவு ஷிப்ட் ஆள் நான் இல்லை. ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம்.

இந்தத் திட்டங்கள் பிறந்ததே குடியில்தான். அமெரிக்காவில், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1935இல் தொடங்கியது. 1940களில் டூபாண்ட், கோடாக் மாதிரிப் பெரிய நிறுவனங்கள் குடிக்கு அடிமையான தொழிலாளியை விரட்டாமல் மீட்கப் பார்த்தன. ஆரம்பத்தில் மேற்பார்வையாளர்களிடம் கண் சிவந்திருக்கிறதா, வாடை வருகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அது நடக்கவில்லை. மேற்பார்வையாளர் மருத்துவர் இல்லை, தொழிலாளி மறைப்பதில் கெட்டிக்காரர். பிறகு அணுகுமுறையை மாற்றினார்கள்: நோயைத் தேடாதே, வேலையைப் பார். திங்கட்கிழமை லீவு, தாமதம், தப்பு, சண்டை, இதை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு பேசு, உதவிக்கு அனுப்பு. 1970இல் அங்கே குடிநோய்த் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் என்றே ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகுதான் குடியோடு குடும்பம், கடன், மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து இன்றைய வடிவம் வந்தது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் மேனேஜரும் அதையேதான் செய்தார். என் எதிரில் ஒரு தாளை வைத்தார். மூன்று மாதத்தில் ஒன்பது திங்கட்கிழமை. குடிக்கிறாயா என்று கேட்கவே இல்லை. "இந்த ஒன்பதுக்கும் என்ன செய்யலாம் சொல்லு" என்றார். எழுத்து மூலம் பரிந்துரைத்து அனுப்பினார். நான் கையெழுத்துப் போட்ட படிவத்தில், வந்தாரா வரவில்லையா, சிகிச்சையில் தொடர்கிறாரா, இந்த இரண்டு மட்டும் நிறுவனத்துக்குச் சொல்லலாம் என்று இருந்தது. அதற்கு மேல் ஒரு வரி போனதில்லை. ஐந்து வருடம் ஆகிறது. திங்கட்கிழமைகளில் ஆபீஸுக்கு முதல் ஆளாக வருவது நான்தான், ஒரு வீம்பு.

பழையவண்டி அண்ணா, எனக்கு உடைந்தது படிக்கட்டு இல்லை, என் கால்தான். பெட்டி இருந்தது, பிழைத்தேன். எல்லோருக்கும் அப்படி என்று சொல்லவில்லை.

பழையவண்டி

தம்பி, நன்றாக இரு. உனக்கு எதிராக ஒரு வார்த்தை எழுத மாட்டேன். ஆனால் உன்னைக் காப்பாற்றியதில் அந்த மேனேஜருக்குப் பாதிப் பங்கு என்பதைக் கவனி. அந்தத் தாளை எழுதியது ஹெல்ப்லைன் இல்லை.

நடுவில்நிற்பவள்

எச்.ஆர். ஆள் நான். கல் எறிய விரும்புகிறவர்கள் எறிந்துவிடலாம், காத்திருக்கிறேன்.

எங்களிடம் ஒரு வருடத்தில் நூற்றுக்கு மூன்று பேர் கூப்பிட்டாலே அதிகம் என்று இருந்தது. போஸ்டர் மாற்றினோம், ஈமெயில் அனுப்பினோம், அந்த எண் அச்சிட்ட பேனாகூடக் கொடுத்தோம். அசையவில்லை. பிறகு ஒரு டீம் லீட், வழக்கமான வாராந்திரக் கூட்டத்தில், வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, "விவாகரத்து சமயத்தில் நான் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன், நாலு தடவை பேசினேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்தக் காலாண்டில் அழைப்புகள் இரட்டிப்பானது. பேனாக்கள் இன்னும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய என் மேசைக்கு அடியில் கிடக்கின்றன, யாருக்காவது வேண்டுமா?

தப்பும் செய்திருக்கிறோம். ஒரு தடவை வேலையிடத்தில் விபத்து. மறுநாளே வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து, பார்த்த எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, ஒவ்வொருவராக நடந்ததை விவரிக்கச் சொன்னோம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம். ஒரு பையன் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தான். இப்படி ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேசவைப்பதால் பலன் இல்லை என்று ஆய்வுகள் முன்பே காட்டியிருக்கின்றன, செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். இப்போது அந்த மாதிரி நேரத்தில் செய்வது: வீட்டுக்கு யார் கூட்டிப்போவார்கள், குடும்பத்துக்குத் தகவல் போனதா, நாளை லீவு வேண்டுமா. பேச விரும்புகிறவர் பேச ஒரு ஆள் பக்கத்தில் இருப்பார், அவ்வளவுதான்.

பழையவண்டி சாருக்கு ஒன்று. வேலையிடத்து மனநலப் பாதுகாப்புக்கென்று 2021இல் வந்த ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அமைப்பு) 45003 வழிகாட்டு நெறி நீங்கள் சொல்லும் படிக்கட்டில்தான் ஆரம்பிக்கிறது: வேலைப்பளு, நேரம், அதிகாரம், யார் எதற்குப் பொறுப்பு என்ற தெளிவு. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மேலிடத்தோடு மல்லுக்கட்டுகிறேன். அழைப்பு அறிக்கையில் "வேலைப்பளு" என்பது ஒரே துறையில் குவிந்ததைக் காட்டி, எட்டு மாதம் நச்சரித்து, காலியாக இருந்த ஒரு இடத்துக்கு ஆள் வாங்கினேன். ஒரே ஒரு இடம். சிரிக்காதீர்கள்.

பழையவண்டி

சிரிக்கவில்லை அம்மா. எட்டு மாதம் நச்சரித்தது பெரிய விஷயம்தான். ஆனால் ஒருவன் ரகசியம் என்று நம்பிச் சொன்னது உங்கள் பட விளக்கத்தில் ஒரு பட்டையாக வந்து நிற்கிறது. நல்ல காரியத்துக்கு என்றாலும் எனக்கு உறுத்துகிறது.

கணக்குப்பிள்ளை

எனக்கும் உறுத்தும், அதனால்தான் எண்ணிக்கை வரம்பு வேண்டும் என்கிறேன். ஜப்பானில் 2015 இறுதியிலிருந்து 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் வருடம் ஒரு முறை மன அழுத்தப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று சட்டம். தனி ஆளின் முடிவு அந்த ஆளுக்குத்தான் போகும், அவர் சம்மதிக்காமல் முதலாளிக்குப் போகாது. குழுவாகச் சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் குழுவில் 10 பேருக்குக் குறைவு என்றால் எல்லோரும் சம்மதிக்காமல் கொடுக்கக்கூடாது என்பது அங்கே வழிகாட்டுதல். அந்த மாதிரி ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தால் எங்கள் 14 பேர் கிளையை ஆண், பெண், ஷிப்ட் என்று கூறுபோட்டிருக்க முடியாது. சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்தான், விற்பவர் தானாகத் தரமாட்டார்.

குட்டிப்புயல்

ஆராய்ச்சி செய்தேன். மதியம் வெளியே நடந்துகொண்டே, சொந்த மொபைலில் இருந்து கூப்பிட்டேன். பதினொரு நிமிடம் இசை. "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்." பிறகு ஒரு பெண் எடுத்து, விவரம் எழுதிக்கொண்டு, கவுன்சலர் கூப்பிடுவார் என்றார். மூன்றாவது நாள்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அவசரம் இல்லை. அவசரம் இருந்த ஒருவர் அந்தப் பதினொரு நிமிடத்தில் என்ன செய்திருப்பார்?

நடுவில்நிற்பவள்

உங்கள் எச்.ஆருக்குப் பெயர் போடாமலாவது இதை எழுதிப் போடுங்கள். எத்தனை நொடியில் போன் எடுக்க வேண்டும், முதல் அமர்வு எத்தனை நாளில் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். யாரும் சரிபார்ப்பதில்லை. நானே எங்கள் எண்ணுக்கு ஒரு ஞாயிறு ராத்திரி கூப்பிட்டுப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கேட்கும்காது

உயிருக்கு ஆபத்தான நேரத்தில் இந்த எண்ணை நம்பிக் காத்திருக்க வேண்டாம், உங்கள் நாட்டின் அவசர எண்ணோ தற்கொலைத் தடுப்பு எண்ணோ பக்கத்து மருத்துவமனையோதான். குட்டிப்புயல் கேட்டதால் இதைத் தனியாகப் போடுகிறேன்.

ஒன்பதாம்மாடி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கூப்பிட்டேன். காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு. கேட்கும்காது சொன்னபடி எது வெளியே போகும் என்று முதலிலேயே கேட்டேன். தடுமாறாமல் சொன்னார்கள். 20 பேருக்குக் கீழே அறிக்கையைப் பிரிப்பதில்லை என்றும் சொன்னார்கள். அந்த உயிர் பற்றிய கேள்வியும் வந்தது. தெரிந்திருந்ததால் பயப்படவில்லை.

முதலில் முதியோர் பராமரிப்பு ஆலோசகர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி யார் எழுந்திருக்கிறீர்கள்?" நான்தான், எப்போதும் நான்தான். தங்கை பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், அவளிடம் கேட்டதே இல்லை. இப்போது வாரத்தில் இரண்டு ராத்திரி அம்மா அவள் வீட்டில். வாசல் கதவைத் திறந்தால் சத்தம் போடும் ஒரு சின்னக் கருவி மாட்டியிருக்கிறோம், அதனால் மற்ற நாட்களில் காதைத் தீட்டிக்கொண்டு படுக்க வேண்டியதில்லை. ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன். எழுந்ததும் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி இருந்தது.

கவுன்சலரிடம் மூன்று அமர்வு ஆகிவிட்டது. இரண்டாவதில் மூச்சுப் பயிற்சி வந்தது, பழையவண்டி ஐயாவை நினைத்துச் சிரித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன், அவரும் சிரித்தார். "உங்கள் துறையில் ஆள் போட என்னால் முடியாது" என்று நேராகவே சொன்னார். ஆனால் ஏழு பேரில் யார் எதைச் செய்கிறோம், எது நின்றால் யார் கத்துவார்கள் என்று ஒரு தாளில் எழுதவைத்தார். எழுதியதும் தெரிந்தது, யாருமே படிக்காத இரண்டு வாராந்திர அறிக்கைகளை நாங்கள் தயாரித்துக்கொண்டே இருக்கிறோம். மற்ற ஆறு பேரிடமும் காட்டினேன். வியாழக்கிழமை எல்லோரும் சேர்ந்து மேனேஜரைப் பார்க்கிறோம். தனியாகப் போகாதே என்றது கவுன்சலர் இல்லை, எங்கள் டீமில் இருக்கும் ஒரு அக்கா.

எண்ணை இன்னும் "ஏசி ரிப்பேர்" என்றுதான் வைத்திருக்கிறேன். நேற்று அது அடித்ததும் மனைவி, "ஏசிதான் நன்றாக ஓடுகிறதே?" என்றாள். உட்காரவைத்துச் சொன்னேன். கோபித்துக்கொண்டாள், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று.

இன்னும் இரண்டு அமர்வு பாக்கி. அடுத்த வாரமே முடித்துவிடட்டுமா?

பழையவண்டி

ஏழு பேரும் சேர்ந்து போங்கள். பேசியதை அன்றைக்கே மேனேஜருக்கு ஈமெயிலாக அனுப்பி, ஏழு பேர் பெயரும் போடுங்கள்.

கேட்கும்காது

முடிக்காதீர்கள். ஒன்றை வியாழக்கிழமைக்குப் பிறகு வையுங்கள், பதில் எப்படி வந்தாலும் அன்றைக்கு உங்களுக்குப் பேச ஆள் வேண்டும். கடைசி ஒன்றை ஒரு மாதம் தள்ளிப் போட முடியுமா என்று கேளுங்கள், சில இடங்களில் ஒப்பந்த வருடம் முடிந்தால் காலாவதியாகிவிடும். தேதியை இப்போதே வாங்கிவிடுங்கள்.

குட்டிப்புயல்

அந்தக் கதவுக் கருவிக்கு என்ன பெயர்? என் மாமியாருக்கு வேண்டும்.